சூசையின் ஏலக்காயும் எங்கள் கண்ணாடிக் குழாயும்

போன வாரம் உங்கள் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டீர்கள், வந்தேன். ஒரு துளியை ஊசியால் செலுத்திவிட்டால் போதும், உள்ளே இருக்கும் குழாய் பிரிக்க, வெளியே ஒரு பேனா தானாக மலையும் பள்ளமுமாக வரைந்து தள்ளுகிறது. சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இந்தக் குழாய் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்று. நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். பிறகு உங்களில் ஒருவர், "வாங்கும்போதே கம்பெனிக்காரன் சர்டிபிகேட் கொடுத்திருக்கான் சார்" என்றார்.

அங்கே சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவன் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்று பயப்பட வேண்டாம். ஒரே ஒரு சம்பவம்தான், அதுவும் உங்கள் கருவியெல்லாம் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

நீங்கள் இன்றைக்குக் குழாயின் திறமையைத் "தட்டு எண்ணிக்கை" என்று சொல்கிறீர்கள். குழாய்க்குள் தட்டு எதுவும் கிடையாது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாராயம் வடிக்கும் கோபுரத்தில் நிஜமாகவே தட்டுகள் அடுக்கியிருப்பார்கள், அங்கிருந்து இந்தப் பேச்சு வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கண்ணாடிக் குழாய் ஒன்று, அதில் சாக்பீஸ் மாவு போன்ற வெள்ளைத் தூள். மேலே இலைச் சாற்றைப் பெட்ரோலியம் ஈதரில் கரைத்து ஊற்றி, இன்னும் ஈதரை விட்டுக்கொண்டே இருந்தால், மஞ்சள் ஒரு பட்டையாகவும் பச்சைகள் தனித்தனிப் பட்டைகளாகவும் பிரிந்து இறங்கும். நமக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்களை விட்டு, இரண்டு பட்டைக்கும் நடுவில் எவ்வளவு தூரம், பட்டை ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று அடிக்கோலை வைத்து அளப்போம். அகலம் குறைந்து தூரம் கூடினால் நல்ல குழாய். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டால் தூளைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியதுதான். நீங்கள் செய்வதும் சாராம்சத்தில் இதுவேதான், பேனா வந்திருக்கிறது அவ்வளவே.

எனக்குச் சொந்த ஊர் பெருமாட்டி. தென்னந்தோப்பும் வெயிலுமான ஊர். ரசாயனம் படித்துவிட்டு வேலை தேடியபோது, முப்பதுகளில், போடிமெட்டுக்குப் பக்கத்தில் சில எஸ்டேட்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. குளிரில் பல் தந்தியடிக்கும். என் கொங்குப் பேச்சுதான் அங்கே எல்லோருக்கும் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் எருமைக்கன்றைக்கூட "வாங்க" போட்டுத்தான் கூப்பிடுவோம் என்று கேலி செய்வார்கள். எனக்குத் தலைவராக இருந்த கெமிஸ்ட் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். பெயரைச் சொல்ல மாட்டேன், அச்சில் தன் பெயரைப் பார்த்தால் கூச்சப்படுகிற மனிதர். கோபம் மூக்கின்மேல் இருக்கும், வேலையில் புலி. இந்தத் தூள் குழாய் முறையை ஒரு ரஷ்யாக்காரர் முன்பே செய்து, உலகம் அதை மறந்து, அப்போதுதான் மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்திருந்தது. எங்கேயோ கடன் வாங்கிய சஞ்சிகையில் அதைப் படித்துவிட்டு, அந்த மலையில் செய்து பார்த்தே தீருவேன் என்று நின்றவர் அவர்.

முதல் குழாயை நான் நிரப்பிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாருக்காவது நெல் அளந்து போட்டால், படியைத் தட்டிக் குலுக்கிக் கோபுரமாக அளந்து போடுவதுதான் மரியாதை. அந்தக் கையோடு தூளையும் குத்திக் குத்தி ஏற்றினேன். ஒரு பக்கம் கல்லாக இறுகியது, மறுபக்கம் பொலபொலவென்று நின்றது. சாறு இளகிய பக்கமாகவே ஓடி, ஒரே பச்சை குழாயில் இரண்டு இடத்தில் தெரிந்தது. இரண்டு பொருள் இருக்கிறது என்று துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார்.

"எடோ, இது நெல்லு இல்லே. யாருக்கும் ஒரு பிடி கூடப் போட வேண்டாம். எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இருந்தாப் போறும். மனசிலாச்சோ?"

மனதில் நன்றாகவே பதிந்தது. அதன் பிறகு பட்டை இரண்டாகத் தெரிந்தால், பொருள் இரண்டா, குழாய் கோணலா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்ற வேண்டும்.

இப்போது ஏலக்காய்க்கு வருகிறேன். ஆவணி மாதம், மழை விட்டபாடில்லை. ஒரு நாள் காலையில் பக்கத்து எஸ்டேட்டின் மேனேஜர் ஒரு பையை மேசையில் கொண்டுவந்து போட்டார். போடிநாயக்கனூருக்கு அனுப்பிய சரக்கு திரும்பி வந்திருந்தது. இந்த மழையில் இவ்வளவு பச்சையாக ஏலக்காய் காய்ந்து வராது, இது சாயம் ஏற்றிய காய், இனி உங்கள் எஸ்டேட் மூட்டையைக் கையால்கூடத் தொட மாட்டேன் என்று வியாபாரி சொல்லி அனுப்பியிருந்தார். நான் பையைப் பிரித்தேன். மழைக்காலத்துக் காய் வெளிறி, பழுப்பேறித்தான் வரும். இது கிளி நிறத்தில் இருந்தது.

மேனேஜருக்குப் பின்னால், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்ட ஒருவர் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். பெயர் சூசை. காயைக் கழுவி உலர்த்தும் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர். மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மழையில காய வெளுக்க விட்டுட்டான். தப்ப மறைக்கச் சாயத்தப் போட்டுருக்கான். நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா இன்னைக்குச் சாயந்தரமே குடும்பத்தோட மலைய விட்டு எறக்கிருவேன்."

"அய்யா, நா சாயத்தக் கண்ணால கண்டதில்ல" என்றார் சூசை. "மாதா மேல சத்தியம்யா."

அவர் இருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடு போகும். அது மட்டுமில்லை, சாயம் போட்டவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு இறங்கினவரை அந்த மலையில் வேறு எந்த எஸ்டேட்டும் சேர்க்காது. மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். எங்கள் ஆய்வகத்திலிருந்து போகிற ஒரு வரியில் இவ்வளவும் தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு அந்த வரி மத்தியானம் கீழே இறங்கும் லாரிக்குள் வேண்டும்.

காயின் தோலை உரித்து, சாறு எடுத்து, குழாயில் விட்டேன். நல்ல உலர்ந்த காயில் மஞ்சள் பட்டையும் மங்கலான பச்சைகளும்தான் வரும், அதை முன்பே பலமுறை பார்த்திருக்கிறோம். அன்று அவற்றுக்கு நடுவில் நீலம் கலந்த ஒரு பளிச்சென்ற பச்சைப் பட்டை வந்து நின்றது. எங்கள் கெமிஸ்ட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு முறைதான் பார்த்தார்.

"சாயமாக்கும்" என்றார். காகிதத்தை எடுத்தார்.

"சார், குழாயை ஒருக்கா அளந்து பாத்தர்றேனுங்க" என்றேன்.

"எந்துக்கு?"

"மழையும் மஞ்சுமா இருக்குதுங்க. தூள் ஈரம் குடிச்சிருந்தா ஒரே பச்சை ரண்டாத் தெரிஞ்சிருக்கும். இல்லைன்னா நான் நெறப்புனதுல ஏதாவது கோணல் இருக்கோணும்."

அவர் என்னை முறைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "செரி. லாரி வரதுக்குள்ளே."

உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் குழாய் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வராந்தாவில் ஓரமாக, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. மேனேஜர் அவரை "அவன் இவன்" என்று பேசியதும் எனக்குப் பிடிக்கவில்லை. குழாய் மோசம், சோதனை செல்லாது என்று சொல்லிவிட்டால் ஒரு நாளாவது தள்ளிப்போகும் அல்லவா.

நிறங்களையெல்லாம் சாராயம் கலந்த ஈதர் விட்டு வெளியே கழுவினேன். பிறகு வெறும் ஈதரை விட்டு, குழாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த பாத்தியில் கீரை பறித்து, அதன் சாற்றை அதே குழாயில் விட்டேன். கீரையில் இரண்டு பச்சைகள் இருக்கின்றன, அவை எங்கே எங்கே நிற்கும் என்று எங்களுக்கு அத்துப்படி. பட்டைகள் இறங்கின. நூல் பிடித்தது போல மட்டமாக, மெல்லியதாக, நடுவில் வெள்ளை இடைவெளி தாராளமாக விட்டு இறங்கின. அடிக்கோலை வைத்து அளந்தேன். நம்பாமல் குழாயைத் திருப்பி மறுபக்கத்திலிருந்தும் அளந்தேன். அதுவரை நான் நிரப்பியதிலேயே நல்ல குழாய் அதுதான். இன்றைக்குப் பார்த்தா இது இவ்வளவு நன்றாக அமைய வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

போய்ச் சொன்னேன். "குழாய் நல்லா இருக்குதுங்க. அந்தப் பட்டை நெசந்தானுங்க."

வராந்தாவில் சூசைக்கு அது கேட்டது. கொங்காணியைக் கழற்றி மடித்து மார்போடு வைத்துக்கொண்டார். மேனேஜர் "நாந்தான் சொன்னேன்ல" என்றார்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். நமக்கு வேண்டிய பதில் வரும் என்று எதிர்பார்த்துத்தான் பெரும்பாலும் அளக்கப் போகிறோம். அது தப்பில்லை, மனிதன்தானே. ஆனால் அளந்துவிட்டால், வந்ததைச் சொல்லியாக வேண்டும், அதுவும் உடனே, எல்லோர் முன்னாலும். அன்று நான் கொஞ்சம் மழுப்பியிருந்தால் என்னை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். குழாய் ஈரம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்படிச் செய்யாததற்காக என் முதுகை நானே தட்டிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவை மறுநாள் எனக்கு என்ன கொடுத்தது என்பதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் கெமிஸ்ட் அவசரக்காரர், அநியாயக்காரர் இல்லை. ஏலக்காய்ச் சாற்றை மறுபடி ஓட்டச் சொல்லி, தூளைக் கட்டையால் வெளியே தள்ளி, அந்தப் பட்டையை மட்டும் கத்தியால் நறுக்கி எடுத்துச் சாராயத்தில் கரைத்தார். பக்கத்தில் கீரைப் பச்சை. இரண்டிலும் ஒரு சொட்டு அமிலம். கீரைப் பச்சை உடனே பழுப்பானது. ஏலக்காய்ப் பச்சை அசையவில்லை.

"கேட்டியோ, இலைப் பச்சைன்னா இத்தனை நேரம் நிக்காது" என்றார். "இது வெளியிலேர்ந்து வந்தது."

"எந்தச் சாயம்னு எழுதுவீங்க?" என்றேன். "நம்ம அலமாரியில இருக்கற பச்சைச் சாயம் ஒண்ணுகூட ஈதர்ல கரையறதில்லீங்களே."

"நம்ம அலமாரியில இல்லாத சாயம் லோகத்துலயே இல்லையோ?"

நியாயமான கேள்விதான். கொண்டை ஊசி வளைவில் லாரியின் ஹாரன் சத்தம் கேட்டது. மேனேஜர் எழுந்து நின்று, "கையெழுத்தப் போடுங்க சார், எனக்கு நேரமாகுது" என்றார். எங்கள் கெமிஸ்ட் பேனாவை மையில் தோய்த்தார். தோய்த்த பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"ஆசிட்டுக்கும் அசையாத பச்சை" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்காத்துல ஒருதரம் ஈயம் போன செம்புப் பாத்திரத்துல எலுமிச்சங்காயை ஊறப் போட்டுட்டா. எல்லாம் கிளிப்பச்சையா வந்துடுத்து. அப்பா பார்த்துட்டு, ஒருத்தரும் வாயில வைக்கப்படாதுன்னு எடுத்துக் கொட்டச் சொன்னார்."

பேனாவை வைத்துவிட்டு மேனேஜரிடம், "லாரி போகட்டும்" என்றார்.

என் வேலை நாட்களில் எத்தனையோ பெரிய மூளைகளைப் பார்த்துவிட்டேன். ஆனால் வாயைத் திறந்து "சாயம்" என்று சொல்லிவிட்ட பிறகு, எதிரில் ஆள் நிற்க, லாரி ஹாரன் அடிக்க, பேனாவைத் திரும்ப வைத்தவர்கள் குறைவு. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டிருந்தால் அடித்திருப்பார்.

அந்தப் பட்டையைக் கரைத்ததில் மிச்சமிருந்ததைச் சட்டியில் ஊற்றிச் சாம்பலாகும்வரை எரித்தோம். சாம்பலில் ஒரு சொட்டு அமிலம், பிறகு அமோனியா. பளீரென்று நீலம் வந்தது. செம்பு. அவர் நேராக வராந்தாவுக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சூசை, காயை நீ எதுல கழுவினே?"

"அண்டாவுலய்யா."

"ஸ்டோர்ல சிமெண்டுத் தொட்டி இருக்கே?"

சூசை மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். "அது மழைக்கு முன்னாடியே வெடிச்சிருச்சுய்யா. தண்ணி நிக்கல. சொன்னேன், பொறவு பாக்கலாம்னாக. அதான் எங்க லயத்துல கோயில் திருநாளுக்குச் சோறு பொங்குற செப்பு அண்டாவக் கேட்டு வாங்கியாந்தேன்."

"ஈயம் பூசினதா?"

"எல்லாம் தேஞ்சு போச்சுய்யா. ஈயம் பூசுறவரு மழைக்கு மலையேறல. கோயில் ஏனம், அழுக்கா வச்சிருக்கப்படாதுன்னு நாந்தேன் புளி போட்டு பளபளன்னு வெளக்குனேன். காயில சேறு அப்பியிருந்துச்சு. வெந்நீல கொஞ்சம் புளியக் கரைச்சு ஊத்துனா லேசா விட்டுரும்னு ராவெல்லாம் ஊறவிட்டேன்."

எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. சுத்தமாக இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் பார்த்துப் பார்த்துச் செய்தது ஒவ்வொன்றும் அவருக்கு எதிராகவே போய் முடிந்திருக்கிறது. தேய்ந்த ஈயத்தில் மிச்சம் இருந்ததையும் புளி போட்டு எடுத்துவிட்டார். வெந்நீரும் புளிப்பும் செம்பைக் கொஞ்சம் கரைத்திருக்கின்றன. அந்தச் செம்பு காயின் பச்சைக்குள் புகுந்து, மங்காத பச்சையாக மாற்றிவிட்டது.

மேனேஜர் லேசுப்பட்டவர் இல்லை. "கதை நல்லாத்தான் இருக்கு" என்றார். "சாயத்துலயும் செம்பு இருக்கலாம்ல? அண்டாதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?"

அதுவும் நியாயமான கேள்வி. உங்களை எதிர்த்துக் கேட்பவர் கெட்டவர் என்றே நினைத்துவிடாதீர்கள், பல நேரம் நம் வேலையில் இருக்கும் ஓட்டையை அவர்கள்தான் காட்டுகிறார்கள். அன்று மாலையே அண்டா ஆய்வகத்துக்கு வந்தது. செடியிலிருந்து பறித்த பச்சைக் காயைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். ஒரு பாதி எனாமல் வாளியில், ஒரு பாதி அண்டாவில். இரண்டுக்கும் ஒரே வெந்நீர், ஒரே புளி. விடிந்ததும் எடுத்து அடுப்பு ஓரத்தில் உலர்த்தினோம். மேனேஜர் மறுநாளும் வந்து உட்கார்ந்துகொண்டார். சூசையும் வந்து நின்றார்.

புதிதாகத் தூளைச் சூடேற்றிக் காயவைத்துக் குழாய் நிரப்பினேன். முதலில் கீரை. இரண்டு பச்சைகளும் நன்றாக விலகி நின்றன. அளந்து எழுதிக்கொண்டு, கழுவினேன். அடுத்து எனாமல் வாளிக் காய். அந்தப் பளிச்சென்ற பட்டை இல்லை. மறுபடி கழுவி அண்டாக் காய். பட்டை வந்தது, முதல் நாள் வந்த அதே உயரத்தில்.

"ஒரே இடம்னா ஒரே பொருளாயிடுமோ?" என்றார் எங்கள் கெமிஸ்ட். மேனேஜர் கேட்பதற்கு முன் அவரே கேட்டுவிட்டார். "ரெண்டு பேர் ஒரே பெஞ்சில உக்காரப்படாதா?"

"அதனால ரண்டையும் கலந்து ஒண்ணா உடறேனுங்க" என்றேன்.

திரும்பி வந்த மூட்டையின் சாற்றையும், நாங்கள் அண்டாவில் செய்த காயின் சாற்றையும் கலந்து, அதே குழாயில் ஊற்றினேன். இரண்டும் வேறு வேறு என்றால் எங்கேயாவது பிரிய வேண்டும். ஈதரை விட்டுக்கொண்டே இருந்தேன். பட்டை இறங்கியது. சூசை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை பாதிக் குழாய் தாண்டியது, முக்கால் தாண்டியது. மெல்லிய, மட்டமான ஒரே பட்டை.

"பிரியல" என்றார் மேனேஜர். "குழாய்க்குப் பிரிக்கத் தெரியலேன்னாலும் பிரியாதுல்ல?"

நான் காத்திருந்த கேள்வி அதுதான். கீரையை அளந்து எழுதியதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நெருங்கிய சொந்தக்காரர்களான அந்த இரண்டு பச்சைகளையே இந்தக் குழாய் இத்தனை தூரம் விலக்கி நிறுத்தியிருக்கிறது, அப்படிப்பட்ட குழாய் பிரிக்கவில்லை என்றால் இரண்டும் ஒன்றே என்று நம்ப இடமிருக்கிறது என்று சொன்னேன். மோசமான குழாயில் எல்லாமே ஒன்றாகத்தான் தெரியும். நல்ல குழாய் என்று அளந்து காட்டிய பிறகுதான் "பிரியவில்லை" என்ற சொல்லுக்கு மதிப்பு. முதல் நாள் எந்த அளவு சூசையை மாட்டிவிட்டதோ, அதே அளவு மறுநாள் அவரைக் கைதூக்கிவிட்டது. நீங்கள் என் எழுத்தில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கம்பெனிக்காரன் கொடுத்த சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு என்னால் அந்த மேனேஜருக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது.

மேனேஜர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு குரலை இறக்கினார். "சரி சார். சாயம் இல்லைன்னு மட்டும் எழுதிக் குடுங்க. செம்பு அது இதுன்னு எதுக்கு? சரக்கு தப்பிச்சிரும்ல."

எங்கள் கெமிஸ்ட்டின் மூக்கு சிவந்தது. "சாயம் இல்லே, செம்பு இருக்கு, தின்னா வயத்தைப் பிரட்டும். மூணையும் சேர்த்து எழுதினாத்தான் என் கையெழுத்து. பாதி ரிப்போர்ட் வேணும்னா வேற ஆளைப் பாருங்கோ. தொட்டி வெடிச்சதையும் சேர்த்து எழுதட்டுமா?"

தொட்டி என்றதும் மேனேஜர் இறங்கி வந்தார். மூட்டைகளைக் குழி வெட்டிப் புதைக்க ஒப்புக்கொண்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பிப் பார்க்காமலே, "சூசை, நாளைக்கு ஸ்டோருக்கு வந்துரு. கொத்தன வரச் சொல்றேன்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அண்டாவில் இனிச் சோறு பொங்கக் கூடாது, ஈயம் பூசிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று சூசையிடம் சொன்னேன். சரியென்று தலையாட்டினார். ஆனாலும் போகவில்லை. அண்டாவின் காதைப் பிடித்தபடி நின்றார்.

"என்னங்க?" என்றேன்.

"அந்தக் கொழாய நா ஒருக்கா பாக்கலாங்களாய்யா?"

ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். குழாய் இன்னும் தாங்கியிலேயே இருந்தது, கலந்து விட்ட சாற்றின் பட்டைகளோடு. சூசை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். அந்தப் பளிச்சென்ற பச்சையிடம் வந்ததும் அவர் பார்வை நின்றது. விரலை நீட்டினார், ஆனால் கண்ணாடியைத் தொடவில்லை.

"இதாய்யா என்னையக் களவாணின்னு சொல்லுச்சு?"

"இல்லீங்க" என்றேன். "அது எங்க நிக்கோணுமோ அங்க நின்னுச்சு. சொன்னதெல்லாம் நாங்கதானுங்க."